ஆர்வி தானா வந்து சேர்ந்துச்சாம்!

மலைமேல பைக் ஓட்டிட்டு வந்து பாகம் பாகமா பயணக்கட்டுரை எழுதுற மகாசனங்களே, உங்க எல்லார்கிட்டயும் ஒரே ஒரு கேள்வி. உங்க கட்டுரையில சாயங்காலம் ஆனதும் டாண்ணு ஒரு ஆர்வி வந்து நிக்குதே, அதை ஓட்டிக்கிட்டு வந்தது யாருங்க?

(டிஸ்கி: எங்க வீட்டு ரங்கமணியும் இந்தப் பதிவைப் படிப்பார். படிக்கட்டும். அதுக்குத்தானே எழுதுறது.)

விவரம் தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் விளக்கிடறேன். ஆர்வின்னா கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உள்ளயே இருக்கிற நடமாடும் வீடு. ராக்கி மலைப் பக்கம், அதாவது வயோமிங், மொண்டானா, எல்லை தாண்டினா கனடாவோட அல்பர்ட்டா, இங்கெல்லாம் கோடை வந்தா ஜோடி ஜோடியா இதுல கிளம்பிடுவாங்க. ஆர்விக்குப் பின்னால ஒரு குட்டி ட்ரெய்லர், ட்ரெய்லர் மேல ஒரு பைக். சமவெளி முழுக்க ரெண்டு பேரும் ஆர்விக்குள்ள. மலை ஆரம்பிச்சதும் பைக் கீழ இறங்கும். அய்யா ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு பறந்துடுவார். அம்மா வீட்டை உருட்டிக்கிட்டுப் பின்னாலயே வரணும். ராத்திரிக்கு ஒரு முகாம்ல சந்திப்பு.

நாங்களும் 2023 ஜூலையில இப்படித்தான் மூணு வாரம் போய்ட்டு வந்தோம். யெல்லோஸ்டோன்ல ஆரம்பிச்சு, பியர்டூத் மலைப்பாதை, கிளேசியர் தேசியப் பூங்கா, கடைசியா அல்பர்ட்டா. திரும்பி வந்த ரெண்டாவது வாரமே ரங்கமணி ஏழு பாகத்துக்கு ஒரு தொடர் போட்டார். தலைப்பு பக்கத்துல '900 மைல் தனிப்பயணம்'னு ஒரு அடைமொழி வேற.

தனிப்பயணம்!!

ஏழு பாகத்தையும் உக்காந்து எண்ணிட்டேன். நான் வர்ற இடம் நாலு. முதல் பாகத்துல 'துணைவியாருடன் புறப்பட்டேன்'. மூணாம் பாகத்துல புளியோதரை. அஞ்சாம் பாகத்துல போட்டோவுக்கு உபயம். ஏழாம் பாகத்துல 'ஒத்துழைப்புக்கு நன்றி'. ஆபீஸ் பிரிவுபசார விழாவுல கூட இதை விட நல்லா சொல்லுவாங்க.

ஆனா என்னை எழுத வச்சது அந்த நாலும் இல்லை. நாலாம் பாகத்துல வர்ற ஒரு வரி. 'செயின்ட் மேரி முகாமை அடைந்தபோது ஆர்வி தயாராக நின்றிருந்தது.'

பள்ளிக்கூடத்துல தோன்றா எழுவாய்னு படிச்சிருப்பீங்க. வாக்கியத்துல எழுவாய் இருக்காது, ஆனா வினைமுற்றோட விகுதி ஆளைக் காட்டிக் குடுத்துடும். 'வந்தாள்'னு மட்டும் சொன்னாலும் எவளோ ஒருத்தி வந்திருக்கான்னு தெரியும். இது அதை விட மோசம். 'நின்றிருந்தது'. நான் தோன்றக் கூட இல்லை, நேரா அஃறிணை ஆயிட்டேன். இது அவர் ஒருத்தரோட வழக்கம்னா வீட்டுக்குள்ளயே பேசி முடிச்சிருப்பேன். அதுக்கப்புறம் இந்த மாதிரி ஆர்வி ப்ளஸ் பைக் ஜோடிகளோட பயணக் குறிப்புகளைத் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் தேடித் தேடிப் படிச்சேன். எல்லா இடத்துலயும் அதே கதை. 'வண்டி வந்தது', 'முகாம் தயாராக இருந்தது', 'காபி சூடாக இருந்தது'. கொஞ்சம் நாகரிகமானவங்க 'சப்போர்ட் வெஹிகிள்'னு எழுதறாங்க. வெஹிகிளாம்!

சரி, அந்த நாலாம் பாகத்து நாளையே எடுத்துக்குவோம்.

கிளேசியர் பூங்காவை மேற்குக்கும் கிழக்குக்கும் குறுக்கா வெட்டிக்கிட்டுப் போகுது 'கோயிங் டு த சன்' ரோடு. 50 மைல் நீளம். 1933ல திறப்பு விழா நடந்தது. உச்சியில லோகன் கணவாய், 6,646 அடி. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். உலகத்துல பாக்க வேண்டிய ரோடுகளைப் பட்டியல் போட்டா கண்டிப்பா இது இருக்கும், அதுல எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனா இந்த ரோட்டுல ஒரு சட்டம் இருக்கு. அவலாஞ்ச் முகாமுக்கும் ரைசிங் சன் முகாமுக்கும் நடுவுல 21 அடிக்கு மேல நீளமான வண்டி போகக்கூடாது. அகலம் கண்ணாடியோட சேத்து 8 அடிக்கு மேல இருக்கக்கூடாது. எங்க வீடு 28 அடி, ட்ரெய்லரைச் சேக்காமலே.

அதாவது இந்த இடத்துல ஜோடியைப் பிரிக்கிறது ரோடே தான். பைக் உள்ள போகலாம், வீடு போக முடியாது. வீட்டை ஓட்டுறவங்க பூங்காவைச் சுத்தி, தெற்கு ஓரமா யுஎஸ் 2 நெடுஞ்சாலையைப் பிடிச்சு, கிழக்கு கிளேசியர், பிரௌனிங்னு வந்து வடக்கே திரும்பி செயின்ட் மேரி சேரணும். ஏறக்குறைய 100 மைல். அவருக்கு 50 மைல் சொர்க்கம், எனக்கு 100 மைல் ஒண்ணுமில்லைங்கிற மாதிரி தானே நாலாம் பாகத்தைப் படிச்சா தோணுது?

அந்த ஒண்ணுமில்லாத 100 மைல்ல என்ன இருந்துச்சுன்னு சொல்றேன், கேளுங்க.

முதல்ல பிளாட்ஹெட் ஆத்தோட நடு கிளை. ரோடு அதை ஒட்டியே ஏறுது. பச்சையும் நீலமும் கலந்த தண்ணி. பாதி வழியில 'கோட் லிக்'னு ஒரு இடம். சாம்பல் நிறத்துல ஒரு மண்சரிவு, அதுல இருக்கிற உப்பை நக்குறதுக்காக வெள்ளை மலை ஆடுங்க செங்குத்துச் சரிவுல ஒட்டிக்கிட்டு நிக்கும். நான் பாத்தப்போ எட்டு. அதுல ஒண்ணு குட்டி. லோகன் கணவாய்ல ஆடு தேடினேன், கிடைக்கலைன்னு ஒருத்தர் நாலாம் பாகத்துல வருத்தப்பட்டிருக்கார் :-))

அப்புறம் மரியாஸ் கணவாய், 5,213 அடி. கண்டப் பிளவு, அதாவது தண்ணி கிழக்கே போகணுமா மேற்கே போகணுமான்னு முடிவாகிற முகடு, அங்கதான் தாண்டுது. 1889 டிசம்பர்ல, உறைபனியில, கிரேட் நார்தர்ன் ரயில் கம்பெனிக்காக ஜான் ஸ்டீவன்ஸ்ங்கிற இன்ஜினியர் இந்தக் கணவாயை உறுதிப்படுத்தினார். அவருக்கு அங்க சிலை இருக்கு. பின்னாடி இதே மனுஷன் பனாமா கால்வாய்க்குத் தலைமை இன்ஜினியரா போனார். ஸ்டீவன்ஸ் கண்டுபிடிச்சார்னு பலகை சொல்லுது. பிளாக்ஃபீட் மக்களுக்கு அந்த வழி அதுக்கு ரொம்ப முன்னாலயே தெரியும், அவங்களுக்கு சிலை இல்லை. பாருங்க, இந்த 'வண்டி தானா வந்துச்சு' வியாதி எவ்வளவு பழசுன்னு.

கணவாயைத் தாண்டினதும் மலை சட்டுனு முடிஞ்சு புல்வெளி ஆரம்பிக்கும். அங்க காத்து. சாதாரணக் காத்து இல்லை. மலையிலேருந்து கீழ விழுந்து வர்ற காத்து. ஆர்வியோட பக்கவாட்டு இருக்கே, அது ஒரு பெரிய சுவர். ஒவ்வொரு வீச்சுக்கும் வண்டி பக்கத்து லேன் பக்கம் ஒரு அடி நகரும். ஸ்டீயரிங்கை காத்து இருக்கிற பக்கமாவே லேசா பிடிச்சு வச்சிருக்கணும். திடீர்னு காத்து நின்னா வண்டி அந்தப் பக்கமே பாயும், உடனே விடணும். எதிர்ல லாரி வந்தா முதல்ல தள்ளும், கடந்து போனதும் உறிஞ்சும். பிரௌனிங் வரைக்கும் என் தோள்பட்டை இறுகிக் கல்லாயிடுச்சு. இந்த பிரௌனிங்ல தான் 1916 ஜனவரியில ஒரே நாள்ல வெப்பநிலை 100 டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கிச்சு. 44ல இருந்து மைனஸ் 56க்கு. அந்த ஊர் வானிலை அப்படி. பிளாக்ஃபீட் ஒதுக்கீட்டு நிலத்தோட தலைமை ஊர் அது. அங்க மியூசியம் ஆஃப் த பிளெய்ன்ஸ் இந்தியன் இருக்கு, 1941ல ஆரம்பிச்சது. முக்கால் மணி நேரம் உள்ள போய்ப் பாத்துட்டு, கைகாலை நீட்டிட்டுக் கிளம்பினேன்.

செயின்ட் மேரி வந்தப்போ மணி ரெண்டு. மூணு மணிக்கு சந்திக்கிறதா பேச்சு. மூணு ஆச்சு. மலை உச்சி கருத்துச்சு. மூணே கால், இடி. மூணே முக்காலுக்கு முகாம்லயே ஆலங்கட்டி மழை. மேல எப்படி இருக்கும்? அந்த ரோட்டுல பெரும்பகுதிக்கு போன் சிக்னல் கிடையாது. மேற்கேருந்து வந்த ஒரு கார்க்காரர், "மேல ரோடெல்லாம் வெள்ளையா கிடக்கு"ன்னு சொல்லிட்டுப் போனார். அதுக்கப்புறம் ஒண்ணே முக்கால் மணி நேரம். அடுப்பை மூட்டினேன், அணைச்சேன். ரேஞ்சர் ஆபீஸுக்குப் போனேன், வரிசையில நின்னேன், பாதியில திரும்பினேன், நான் இல்லாத நேரம் பாத்து அவர் வந்துட்டா? அஞ்சரைக்கு பைக் சத்தம் கேட்டுச்சு. நடுவுல ஒரு சுரங்கத்துக்குள்ள மத்த பைக்காரங்களோட ஒதுங்கி நின்னாராம், ரொம்ப ஜாலியாப் பேசிக்கிட்டிருந்தாங்களாம், அதுல ரெண்டு பேர் ஜெர்மனியாம்.

அந்த ஆலங்கட்டி மழை நாலாம் பாகத்துல ஒண்ணரைப் பக்கம் வருது. நல்லாவே எழுதியிருக்கார், நான் மறுக்கலை. கீழ காத்திருந்த ரெண்டரை மணி நேரம் தான் 'தயாராக நின்றிருந்தது'.

இப்போ ஒரு ஆட்சேபணை வரும். "அம்மா, ஆபத்து பைக்ல தானே? உங்களைச் சுத்தி நாலு சுவர் இருக்கு." ஒத்துக்கறேன். ரோட்டுல குறுக்க வர்ற மான், வளைவுல கிடக்கிற ஜல்லி, மழை, எல்லாம் பைக்காரருக்குத்தான் எமன். அதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்லை. நான் கேக்கிறது வேற. ஆபத்து அதிகம்ங்கிறதால அது மட்டும் பயணம், மத்தது எல்லாம் சரக்குப் போக்குவரத்துன்னு ஆயிடுமா?

அப்புறம், கஷ்டம்னு பாத்தா பியர்டூத் பாதையைப் பத்திப் பேசணும். மொண்டானாவும் வயோமிங்கும் மாறி மாறி வர்ற 68 மைல், 1936ல திறந்தது. உச்சி 10,947 அடி. ஜூலையிலயும் ரோட்டோரம் பனி இருக்கும். இங்க ஆர்விக்குத் தடை இல்லை, அதனால ரெண்டு வண்டியும் ஒரே பாதையில. நாங்க குக் சிட்டி பக்கத்துலேருந்து ஏறி ரெட் லாட்ஜ் பக்கம் இறங்கினோம். எங்க வண்டி ஃபோர்டு இ-450 சட்டகத்துல கட்டினது. முழு எடை வரம்பு 14,500 பவுண்டு, அதாவது ஆறரை டன். பைக் கால் டன். டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடி ஏறுறதுக்கு சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும்னு ஒரு கணக்கு உண்டு. உச்சிக்குப் போறதுக்குள்ள கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு காலி. மணிக்கு 20 மைல்ல முனகிக்கிட்டு ஏறணும். பின்னால பத்து கார் சேரும். ஒதுங்க இடம் கிடைச்சா ஒதுங்கி வழிவிட்டு, மறுபடி முதல் கியர்லேருந்து ஆரம்பிக்கணும்.

ஏறுறது கூடப் பரவாயில்லை. இறக்கம் 5,000 அடிக்கு மேல, அதுல கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா பிரேக் சூடாகி ஒரு கட்டத்துல பிடிக்காது. அதனால உச்சியிலயே ரெண்டாவது கியருக்கு வந்துடணும். இன்ஜின் கத்தட்டும், கத்துறது நல்லது, அதுதான் வண்டியைப் பிடிச்சு வைக்குது. வேகம் மீறினா மட்டும் அழுத்தமா ஒரு மிதி, வேகத்தைக் குறைச்சிட்டு உடனே காலை எடுத்துடணும். பின்சக்கரத்துக்கு அப்புறமும் பத்தடி வண்டி நீட்டிக்கிட்டு இருக்கு. நான் வலது பக்கம் ஒடிச்சா பின்புறம் இடது பக்கம் வீசும், எதிர் லேனுக்குள்ள. அதனால ஒவ்வொரு வளைவுலயும் முன்னால ஒரு கண், இடது கண்ணாடியில ஒரு கண், ட்ரெய்லர்ல ஒரு கண். மூணு கண்ணு ஆச்சா? ஆமாம், மூணு வேணும்.

அந்த நேரத்துல அய்யா அஞ்சாம் பாகத்துல எழுதியிருக்கிறபடி 'காற்றோடு கலந்து' இறங்கிக்கிட்டிருந்தார். அவர் கலந்தது நிஜம். அவரால கலக்க முடிஞ்சது எதனாலன்னா பைக்ல ஒரு சுமை இல்லை. மழைக்கோட்டுலேருந்து மாத்து பனியன், டயர் ரிப்பேர் சாமான், அவரோட தலைகாணி வரைக்கும் (ஆமாம், அவருக்கு அவர் தலைகாணி தான் வேணும்) எல்லாம் என் பின்னால ஆடிக்கிட்டு வந்துச்சு. பைக்கோட சுதந்திரம்னு சொல்றீங்களே, அந்த சுதந்திரத்தோட எடையைச் சுமக்கிறது ஆர்வி. யெல்லோஸ்டோன்ல ஃபிஷிங் பிரிட்ஜ் முகாம்ல கூடாரம் போடவே விடமாட்டாங்க, கரடி நடமாட்டம். கெட்டியான சுவர் இருக்கிற வண்டிக்குத்தான் அனுமதி. தனிப்பயணி அங்க எங்க படுத்தாராம்?

மைலேஜ் கணக்கும் போட்டிருக்கார், ஆறாம் பாகத்துல. பைக் கேலனுக்கு 48 மைலாம், 'மிகச் சிக்கனமான பயணம்'னு ஒரு சர்டிபிகேட் வேற. அதே பாதையில அவர் பின்னால கேலனுக்கு 8 மைல் குடுத்துக்கிட்டு ஒரு வண்டி வந்துதே, அந்த பெட்ரோல் யார் கணக்குல? நானும் ஒரு கணக்கு வச்சிருக்கேன். மொத்தம் 3,300 மைல் ரெண்டு பேரும் வண்டி ஓட்டியிருக்கோம். ஆர்வி போனது 2,400 மைல். பைக் ஓடினது 900, மிச்ச தூரம் அது ட்ரெய்லர் மேல சவாரி. பைக் ஓடின 900ம் ஆர்வியில நான். மிச்ச 1,500ல 900 நான், 600 அவர் (முதுகுவலி). கூட்டினா நான் 1,800, அவர் பைக்கும் ஆர்வியும் சேத்து 1,500. இப்ப சொல்லுங்க, யாருக்கு யார் சப்போர்ட்?

சாயங்கால வேலையை ஒரே பத்தியில முடிச்சிடறேன், ஏன்னா அதை எழுதினா சமையல் குறிப்புன்னு சொல்லிடுவீங்க. சக்கரத்துக்குக் கீழ கட்டை வச்சு வண்டியை மட்டம் பண்ணணும். எங்களோட கேஸ் ஃபிரிட்ஜ் சாய்ஞ்சு நின்னா சரியா வேலை செய்யாது. கரண்ட், தண்ணிக் குழாய். கழிவுத் தொட்டியைக் காலி பண்ணும்போது முதல்ல கக்கூஸ் தொட்டி, அப்புறம் தான் குளியல் தண்ணித் தொட்டி, அப்பதான் ரெண்டாவது தண்ணி குழாயை அலசிட்டுப் போகும். இந்த வேலையில ரங்கமணி கைகொடுப்பார், பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவர் வந்து சேர்ற நேரத்துல பாதி நாள் இதெல்லாம் முடிஞ்சிருக்கும்.

இது ஏதோ நம்ம ஆளுங்களோட குணம்னு நினைச்சீங்கன்னா, இல்லை. பெரிய தலைங்களே பண்ணியிருக்காங்க. ஜான் ஸ்டைன்பெக் 1960ல ஒரு பிக்கப் டிரக் மேல கூண்டு கட்டி, அதுக்கு டான் குயிக்சோட்டோட குதிரை பேரை வச்சு, சார்லிங்கிற நாயோட அமெரிக்காவைச் சுத்தினார். யெல்லோஸ்டோன், மொண்டானா எல்லாம் அதுல உண்டு. 1962ல புத்தகம் வந்துச்சு, அந்த வருஷமே நோபல் பரிசும் வந்துச்சு. நாயோட தனியாப் போன எழுத்தாளர்ங்கிற படம் தான் எல்லார் மனசுலயும். பில் ஸ்டைகர்வால்ட்னு ஒரு பத்திரிகைக்காரர் 2010ல அதே பாதையில போய், கடிதங்களையும் கையெழுத்துப் பிரதியையும் ஒப்பிட்டுப் பாத்தார். பயணத்துல பாதிக்கு மேல நாட்கள் மனைவி எலைன் கூடவே இருந்திருக்காங்க. புத்தகத்துல ரெண்டு மூணு இடத்துல வந்துட்டுப் போறாங்க, அவ்வளவுதான். மேற்குக் கரைப் பகுதியில அவங்க கூட இருந்தது கையெழுத்துப் பிரதியில இருக்கு, அச்சுல இல்லை. யோசிச்சுப் பாருங்க, அந்தப் புத்தகத்துல நாய்க்குப் பேரும் உண்டு, குணமும் உண்டு, வியாதி வந்து வைத்தியரைப் பாக்கிற கட்டமும் உண்டு.

நம்ம பைக் மக்களோட வேதம் ராபர்ட் பிர்சிக் எழுதின ஜென் புத்தகம். 1968ல மினசோட்டாவுலேருந்து கிளம்பின பயணம், 1974ல புத்தகம். இதே பியர்டூத் பாதை அதுல வருது. பிர்சிக்கும் பையனும் ஒரு பைக்ல, நண்பர் ஜானும் அவர் மனைவி சில்வியாவும் இன்னொண்ணுல. பிர்சிக்கைக் குறை சொல்ல மாட்டேன். சில்வியா அதுல பேசறாங்க, கவனிக்கிறாங்க, அலுத்துக்கறாங்க. பின் சீட்ல இருக்கிறவங்களும் பயணம் பண்றாங்கன்னு அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு. புத்தகத்தை மேற்கோள் காட்டுற நம்ம ஆளுங்களுக்கு மட்டும் தெரியலை. அவங்களுக்கு ஸ்பார்க் பிளக் தான் ஞாபகம் இருக்கு.

இன்னொரு கோஷ்டி இருக்கு. 'பைக்கை ட்ரெய்லர்ல ஏத்திக்கிட்டு வர்றவன் பைக்கரே இல்லை'ன்னு கிண்டல் பண்றவங்க. ரங்கமணி இந்தக் கிண்டலுக்குப் பயந்து தான் ஆர்வியை ஏழு பாகத்துலயும் பின்னால ஒளிச்சு வச்சார்னு எனக்கு சந்தேகம். ஐயா வீரர்களே, 55 வயசுல முதுகுல தட்டு விலகினவர் சமவெளியில ஆயிரம் மைல் பைக் ஓட்டி வந்து தான் மலை ஏறணும்னா, அவர் மலையைப் பாக்கவே மாட்டார். ட்ரெய்லர் கேவலம் இல்லை. ட்ரெய்லரை மறைக்கிறது தான் கேவலம்.

"அவங்களுக்கு பைக் பிடிக்காது, ஆர்வி ஓட்டத்தான் பிடிக்கும்"னு ஒரு பதிலும் தயாரா வச்சிருப்பீங்க. எனக்கு நிஜமாவே ஆர்வி ஓட்டத்தான் பிடிக்கும்! பைக் சாவியைக் குடுங்கன்னு நான் கேக்கவே இல்லை. உசரத்துல பெரிய கண்ணாடிக்குப் பின்னால உக்காந்து, ஒரு மலையை எந்த கியர்ல இறங்கணும்னு முடிவு பண்றது ஒரு தனி சுகம். பிடிச்சுச் செய்யறதால அது கணக்குல வராதுன்னா, உங்களுக்கும் பைக் பிடிச்சுத்தானே ஓட்டறீங்க?

செயின்ட் மேரியில மறுநாள் நடந்ததையும் சொல்லிடறேன், ஏன்னா அது எந்தப் பாகத்துலயும் இல்லை. அவர் முதுகுவலின்னு படுத்துட்டார். நான் பூங்காவோட சிவப்பு பஸ்ல லோகன் கணவாய் போனேன். 1930கள்ல வைட் கம்பெனி செஞ்ச பஸ்ஸுங்க, கான்வாஸ் கூரையைச் சுருட்டிட்டா தலைக்கு மேல வெறும் வானம் தான். ஜாக்சன் பனியாறு தெரியற இடத்துல நிறுத்தினாங்க. மேல ஹிட்டன் லேக் பாதையில பாதி தூரம் பனியில நடந்தேன், வழுக்கி ஒரு தடவை உக்காந்தேன், கனடாக்காரப் பாட்டி ஒருத்தங்க கை கொடுத்துத் தூக்கிவிட்டாங்க. பாறையில மர்மட் ஒண்ணு வெயில் காஞ்சுக்கிட்டிருந்துச்சு. அவர் பாக்காத ஆடும் கிடைச்சுது, ரெண்டு. இத்தனையும் நடந்தது அவர் தொடர்ல 'மறுநாள் ஓய்வு'.

ஓய்வு யாருக்குங்க?

நான் கேக்கிறது ரொம்பச் சின்ன விஷயம். ரெண்டு வண்டி போச்சுன்னா ரெண்டு பாதை இருக்கும். உங்க பாதையை நீங்க எழுதுங்க, வர்ணனை பண்ணுங்க, யார் வேணாங்கிறா. இன்னொரு பாதையில வந்தவங்க என்ன பாத்தாங்கன்னு சாப்பிடும்போதாவது ஒரு வார்த்தை கேளுங்க. எழுத இடம் இல்லைன்னா 'ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தாள்'னு போடுங்க, 'நின்றிருந்தது'க்கு பதினோரு எழுத்து தான் கூட ஆகும். ஒரு தடவையாவது மாத்தி ஓட்டிப் பாருங்க. பைக்கை முகாம்ல விட்டுட்டு அந்த யுஎஸ் 2 ரோட்டுல பிரௌனிங் காத்துல 28 அடி வீட்டைப் பிடிச்சுக்கிட்டு வாங்க. வந்து ரெண்டரை மணி நேரம் சும்மா காத்திருந்துட்டு, அப்புறம் நாலாம் பாகத்தை எழுதுங்க.

ரங்கமணி இதோட வரைவை நேத்தே படிச்சுட்டார். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "ஏம்மா, அந்த உப்பு நக்குற ஆடு விஷயம் எங்கிட்ட சொல்லவே இல்லையே?"ன்னார்.

"நீங்க கேக்கவே இல்லையே"ன்னேன்.

அடுத்த தடவை லேக் லூயிஸ்லேருந்து ஜாஸ்பர் வரைக்கும், ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே. 230 கிலோமீட்டர், சன்வாப்டா கணவாய் ஏத்தம் இறக்கம் எல்லாம் உண்டு, ஆர்விக்குத் தடையும் இல்லை. தெற்குலேருந்து வடக்கே போகும்போது ஆர்வி அவர், திரும்பும்போது நான். முழுசாப் பேசி முடிச்சாச்சு. ஒரே ஒரு சிக்கல் தான். குட்டி ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்கிறது பெரிய ட்ரெய்லரை விடக் கஷ்டம், ஸ்டீயரிங்கை இத்தனூண்டு திருப்பினாலே மடங்கிக்கும். அவருக்கு அது இன்னும் வரலை. ஞாயித்துக்கிழமை காலையில பக்கத்துல ஒரு காலி மைதானத்துல ரெண்டு பிளாஸ்டிக் வாளியை நட்டு வச்சு வகுப்பு எடுக்கறேன். இதுவரைக்கும் மூணு வாளி உடைஞ்சிருக்கு.